மெழுகு தேய்த்த முகவரி

1

என் அக்கா தன் புருஷனைத் தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி அவளிடம் சொன்னவன் நான். சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. வருகிற வெள்ளிக்கிழமை மாமாவுக்கு முதல் தெவசம்.

அவள் கொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்ததை அவளிடம் சொல்லாமலே ஒரு வருடத்தை இந்த ஊரில் ஓட்டிவிட்டேன். காலையில் சைக்கிள், பகலில் ஆய்வுக்கூடம், மாலையில் மகளுக்கு உருளைக்கிழங்கு. நெதர்லாந்தில் மழை பெய்வதில்லை, இருக்கிறது. கடலூர் மழை வரும், அடிக்கும், நாலு மரத்தைச் சாய்க்கும், போய்விடும். இது, காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்ட குடித்தனக்காரர் மாதிரி. மழைக்கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டே ஒரே வாக்கியத்தை ஒத்திகை பார்த்தபடி மிதிக்கிறேன்: “அக்கா, தப்பு ஒன்னோடது இல்ல.” பாலம் வரும்வரை வாக்கியம் நன்றாக இருக்கும். பாலத்தில் ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது வாக்கியம் இருக்காது.

2

மாமா பெயர் தெய்வசிகாமணி. கடலூர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர். ஒரு மடக்கு நாற்காலி, மடியில் ஒரு பலகை, ஒரு மைப்புட்டி, தலைக்கு மேலே ஒரு கறுப்புக் குடை. பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளிக் கட்டிய வழக்கு. திங்கட்கிழமை மனுநாளில் அவரைச் சுற்றி ஒரு சின்னத் திருவிழாவே கூடும். ஒருமுறை ஒரு கிழவி, புருஷன் பெயரைச் சொல்ல ஆரம்பித்து அழுதுகொண்டே நின்றாள். மாமா பேனாவை மூடாமல் சொன்னார்: “அழறத நிறுத்திட்டுப் பேரச் சொல்லும்மா. அழுகைய நான் எழுதிக்கிறேன்.”

மை பேனாவைத்தான் பிடிப்பார். “பால்பாயிண்ட்ல எழுதுனா எழுதறவன் கை தெரியாது மச்சான். கை தெரியாத மனுவ ஆபீசர் எதுக்குப் படிக்கிறான்?” என்பார். ஆனால் மை பேனாவுக்கு மழை ஆகாது. ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர் முதுநகரில் தாள் நமத்துப்போகும். நமத்த தாளில் எழுதினால் எழுத்தெல்லாம் ஊறி, ஒவ்வொரு புள்ளியும் ஒரு பூச்சி மாதிரிக் காலை நீட்டும். அதற்கு என் அக்கா மங்கை ஒரு வழி வைத்திருந்தாள். காலையில் மாமாவின் சட்டைக்கு இஸ்திரி போடும்போதே, ஒரு மெல்லிய துணியை மேலே விரித்து, அன்றைய தாள்கட்டுக்கும் இஸ்திரி போட்டுக் கொடுத்துவிடுவாள். சூட்டோடு சூடாக அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்புவார். “ஊர்ல எவனுக்காவது பொண்டாட்டி பேப்பருக்கு இஸ்திரி போட்டுக் குடுக்கறாளா?” என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார்.

மனுவைத் தபாலில் அனுப்ப வேண்டியிருந்தால் இன்னொரு வேலை. முகவரி எழுதி முடித்ததும் ஒரு மெழுகுவத்தியை எடுத்து எழுத்தின்மேல் அழுத்தித் தேய்ப்பார். மழையில் எந்தத் தபால்காரன் கையில் நனைந்தாலும் முகவரி அழியாது.

நான் அப்போது சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை பஸ் பிடித்து அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். தாளில் நீர் தானாக நடக்கும், மெழுகு இருக்கும் இடத்தில் நின்றுவிடும். இந்த இரண்டையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த வகுப்பும் இல்லை. அக்கா வீட்டு முன்னறை.

3

இப்போது நான் சோறு தின்பது அந்த இரண்டை வைத்துத்தான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் காகிதத்தில் மெழுகால் கோடு அச்சிடுகிறோம். இரண்டு கோடுகளுக்கு நடுவே முடியளவு ஓடை. ஓடையின் ஒரு முனையில் வாசல், மறுமுனையில் ஒரு சின்ன வட்டம். விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தத்தை வாசலில் வைத்தால் போதும். சிவப்பு வாசலிலேயே நின்றுவிடும். தெளிந்த நீர் மட்டும் உள்ளே நடந்து போகும். பம்பு கிடையாது, மின்சாரம் கிடையாது, தள்ளுகிற ஆள் கிடையாது, தாகம் எடுத்த காகிதம் தானே இழுத்துக்கொள்ளும். வட்டத்தில் காய்ந்து காத்திருக்கிறது மருந்து. சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தில் தேங்கும் கழிவு அதைத் தொட்டால் வட்டம் ஊதாவாகும். கழிவு அளவுக்குள் இருந்தால் வெள்ளையாகவே இருக்கும். ஆஸ்பத்திரி இல்லாத ஊரிலும், ஆஸ்பத்திரி வாசலில் பாதி நாள் நிற்க முடியாதவர்களுக்கும், உள்ளங்கை அளவுகூட இல்லாத ஒரு பரிசோதனைக்கூடம். இதை நான் இன்னமும் முழு மனதோடு நம்பித்தான் சொல்கிறேன். அதை நடிப்பென்று சொல்லிவிட முடிந்தால் நிம்மதியாக இருக்கும்.

முதலில் இரண்டு வட்டங்கள் இருந்தன. இரண்டாவது, எந்த ரத்தத்தை வைத்தாலும் ஊதாவாக வேண்டிய வட்டம். அது மாறினால் காகிதம் உயிரோடு இருக்கிறது என்று பொருள். மாறாவிட்டால் காகிதம் செத்துவிட்டது, முதல் வட்டம் சொல்வதை நம்பாதே என்று பொருள்.

அதை எடுக்கச் சொன்னது நான்.

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன்: எங்கள் ஊர் மக்களை எனக்குத் தெரியும். ஊதாவைக் கண்டால் பயந்துபோவார்கள். ஒரு ஊதா நல்லது, ஒரு ஊதா கெட்டது என்று சொன்னால் குழம்புவார்கள். ஒரே வட்டம் போதும். வெள்ளை என்றால் நலம், அவ்வளவுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த அறையில் எங்கள் ஊர்க்காரன் நான் ஒருவன்தான், எதிர்த்துப் பேச யாருக்கு வாய் வரும்? இங்க்ரிட் மட்டும், முப்பது வருடமாகக் கூடத்தில் வேலை பார்க்கும் கிழட்டுத் தொழில்நுட்பக்காரி, கேட்டாள்: “காகிதம் செத்திருந்தாலும் வெள்ளைதானே?” நான் சிரித்துக்கொண்டே மாமாவின் மெழுகுவத்திக் கதையைச் சொன்னேன். என் மக்களுக்குக் காகிதத்தைப் பாதுகாக்கத் தெரியும் என்றேன். அறை சிரித்தது. அந்தக் கதையை நான் எத்தனை அரங்குகளில் விற்றிருக்கிறேன். எங்கும் அவர் பெயரைச் சொன்னதில்லை. “என் மாமா ஒருவர்.” அவ்வளவுதான் அவர்.

4

போன வருடத்துக்கு முந்தின ஐப்பசியில் ஊருக்குப் போனபோது நாற்பது காகிதங்களை ஒரு வெள்ளிப் பையில் போட்டு எடுத்துப் போனேன். எடுத்துப் போகக் கூடாது என்பது விதி. எனக்குப் பெருமை. விதியைவிட அது எடை குறைவு, பெட்டியில் எளிதாக அடங்கும்.

மாமாவுக்குச் சர்க்கரை இருந்தது. நாளெல்லாம் குனிந்து எழுதிய முதுகுக்கு வலி மாத்திரை, தினம் இரண்டு, சில நாள் நான்கு. கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒதுங்க இடமில்லை என்று பகலில் தண்ணீரே குடிக்க மாட்டார்.

“ரத்தம் எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு டீயாவது வாங்கிக் குடு மச்சான்,” என்று விரலை நீட்டினார். “மாப்பிள்ளைன்னு வந்த எடத்துல ஊசி குத்துறீங்க.”

வட்டம் லேசாக ஊதாவானது.

“என்னா கலரு இது? கத்தரிப்பூவா?”

“லேசாத்தான் இருக்கு மாமா. ஆனா கவனிக்கணும்.”

அடுத்த நாளே சிதம்பரத்துக்கு அழைத்துப்போனேன். அந்த டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார்: வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள், தண்ணீர் குடியுங்கள், மாதம் ஒருமுறை இங்கே வந்து ரத்தம் பாருங்கள், விட்டுவிட்டால் வேகமாகப் போகும். என் காகிதமும் அதையேதான் சொன்னது என்று எனக்குள் ஒரு சந்தோஷம். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், சந்தோஷம்தான்.

திரும்பும்போது புதுச்சத்திரத்தில் பஸ் நின்றது. ஜன்னலோரம் மாமா முனகிக்கொண்டிருந்தார்.

“மாசாமாசமா? காலையில வந்து டோக்கன் போட்டு ஒக்காந்தா பொழுது போயிடும் மச்சான். அன்னிக்கு வர்ற ஜனம் எங்க போவும்? கலியமூர்த்திகிட்டத்தான் போவும். அவன் ‘ஐயா’ன்றதையே தப்பா எழுதுவான்.”

அப்போது நான் சொன்னேன். பஸ் நின்ற இடம், முறுக்கு விற்றவனின் குரல், என் கையில் இருந்த தண்ணீர் பாட்டில், எல்லாம் நினைவிருக்கிறது.

“வேணாம் மாமா, அலைய வேணாம். அதுக்குத்தான் இந்தக் காகிதமே. மாசம் ஒரு தடவ வச்சிப் பாத்து எனக்குப் படம் அனுப்புங்க. ஊதா ஜாஸ்தியானா டாக்டர்கிட்ட போலாம். வெள்ளையா இருந்தா போவவே வேணாம்.”

“அப்படிச் சொல்லு!” என்று என் தொடையில் ஓங்கித் தட்டினார்.

கிளம்பும் அன்று அக்காவிடம் பையைக் கொடுத்து ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னேன்: “ஈரம் மட்டும் படக்கூடாதுக்கா. ஈரம் பட்டா வீணாயிடும்.” சூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை யார் சூடு பண்ணுவார்கள்? பல வருடம் சனிக்கிழமை தோறும் அந்த முன்னறையில் உட்கார்ந்து பார்த்தவன், விமானம் ஏறுகிற அவசரத்தில் அதை மறந்துபோனேன்.

5

கார்த்திகை முதல் படம் வந்தது. மாமாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காகிதத்தைப் பிடித்திருந்தன. வட்டம் வெள்ளை. பின்னாலேயே குரல் செய்தி: “மச்சான்! கத்தரிப்பூ போயி மல்லிப்பூ ஆயிடுச்சு! ஒன் பேப்பரு பாக்கறது மட்டும் இல்ல, கொணமாக்குது போல!” பின்னணியில் அக்கா சிரிக்கும் சத்தம்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மெழுகுக் கோடுகள் தடித்திருந்தன.

இதைத் தெளிவாக எழுத வேண்டும். மெழுகுக் கோடு சூடு பட்டால் உருகிப் பரவும். பரவினால் நடுவிலிருக்கும் ஓடை அடைத்துக்கொள்ளும். வாசலில் வைத்த ரத்தம் வட்டத்துக்குப் போய்ச் சேராது. சேர்ந்தாலும், வட்டத்து மருந்து சூட்டில் செத்திருக்கும். எப்படி இருந்தாலும் வெள்ளை. எங்கள் கூடத்தில் சேர்ந்து ஒரு வாரமான மாணவனுக்கும் இது தெரியும். லேசான ஊதா ஒரே மாதத்தில் வெள்ளையாக மாறாது என்பதும் தெரியும்.

நானும் பார்த்தேன். கேமரா கலங்கலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் எனக்கு ஒரு பெரிய கூட்டத்தில் பேச்சு இருந்தது. அந்தப் படம் அதற்கு வேண்டியிருந்தது. பதிலாக ஒரு கட்டைவிரல் போட்டேன், அந்த மஞ்சள் கட்டைவிரல். மார்கழியில் வந்த படத்துக்கும் கட்டைவிரல். தையில், மாசியில், பங்குனியில். மாமா ஒவ்வொரு மாதமும் தன் கட்டைவிரலை அனுப்பினார், நான் என்னுடையதை அனுப்பினேன்.

அரங்கில், திரை முழுக்க மாமாவின் விரல். “கிராமப்புற நோயாளி, வீட்டிலேயே கண்காணிக்கப்படுகிறார்.” கடலூர் முதுநகர்க்காரரைக் கிராமத்துக்கு அனுப்பிவிட்டேன், கைதட்டல் அங்கேதான் கிடைக்கும். கைதட்டினார்கள். ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளை வந்த தைரியத்தில் மாமா வலி மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருந்தார்.

6

ஆவணிக் கடைசியில் கால் வீங்கியது, முகம் வீங்கியது, ஒரு திங்கட்கிழமை மனு எழுதிக்கொண்டிருக்கும்போதே மூச்சு முட்டி நாற்காலியோடு சரிந்தார். பக்கத்தில் உட்கார்ந்து மனு எழுதும் கலியமூர்த்தி அண்ணன்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக் கொண்டுபோனார். பிறகு சிதம்பரம். அதே டாக்டரம்மா. “மாசாமாசம் வாங்கன்னு சொன்னேனே, ஏன் வரல?” என்று கேட்டாராம். அக்கா பையிலிருந்து காகிதங்களை எடுத்து வரிசையாக மேஜைமேல் வைத்தாளாம். எல்லாம் வெள்ளை. டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாராம்.

மூன்று வாரம் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்தார்கள். நான்காவது வாரம் தேவைப்படவில்லை.

நான் போகவில்லை. என் வசிப்பு அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், வெளியே போனால் திரும்பி வருவதற்குத் தனி முத்திரை வாங்க வேண்டும், அதற்கொரு ஜன்னல், அந்த ஜன்னலுக்கு முன்பதிவு. எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன். ஜன்னலில் கேட்டிருந்தால் இரண்டு நாளில் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அக்கா வீடியோவில் வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது.

“அந்தக் காகிதம் ஏன்டா பொய் சொல்லுச்சு?”

“எப்படி வச்சிருந்தக்கா அத?”

“நீ சொன்ன மாதிரிதான். ஈரம் படாமத்தான் வச்சிருந்தேன். நீ போன வாரமே பெரிய மழை. தொட்டுப் பாத்தா நமத்துப்போயிருந்துச்சு. பயந்துபோய் அவரு பேப்பரோட சேத்து எல்லாத்தையும் இஸ்திரி போட்டேன். துணி மேல விரிச்சித்தான் போட்டேன். அப்பறம் ஒன் பையிலயே வச்சி மூடிட்டேன்.”

நான் சொன்னேன்: “அய்யோ அக்கா. நீயே கொன்னுட்டியேக்கா.”

வாய் தவறி வந்ததில்லை. அந்த நொடியில் ஒரு கதவு திறந்ததைப் பார்த்தேன், அதன் வழியாக வெளியே வந்துவிட்டேன், அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு. அவள் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில், இஸ்திரிப்பெட்டி இருக்கும் அலமாரிப் பக்கம் பார்த்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு அழைப்பிலும் அவள் கசங்கிய புடவையோடுதான் வந்தாள்.

7

அரங்கில் கைதட்டியவர்களில் ஒருவர் பின்னாளில் எங்கள் அலுவலகத்துக்குக் கேள்வி அனுப்பியிருந்தார்: அந்த நோயாளிக்குக் காகிதம் கொடுக்க அனுமதி வாங்கப்பட்டதா? விசாரித்ததில் அவர் இறந்துபோனதும் தெரியவந்தது. இந்த நாட்டில் யாரும் யாரையும் திட்டுவதில்லை, படிவம் அனுப்புகிறார்கள். எனக்கு வந்த படிவத்தில் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். சாதனத்தின் பிழை. பயன்படுத்தியவரின் பிழை. ஒன்றில் குறி போட்டு, குடும்பத்தாரின் வாக்குமூலத்தை இணைக்க வேண்டும். சாதனத்தைச் செய்தவன் பார்த்துவிட்டும் சும்மா இருந்தது என்பதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இருந்திருந்தால் குறி போட்டிருப்பேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அக்காவிடம் கேட்டேன். “ஆபீஸ்ல ஒரு காகிதம் கேக்கறாங்கக்கா. இல்லன்னா வேலைக்குச் சிக்கல்.”

“என்னான்னு எழுதணும்?”

“நடந்தத எழுதுனா போதும்.”

“சரி. கலியமூர்த்தி அண்ணன்கிட்ட போறேன்.”

இரண்டு வாரத்தில் உறை வந்தது. அன்றும் மழை. தபால்காரி சைக்கிள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது உறை சொதசொதவென்றிருந்தது, ஓரம் பிய்ந்திருந்தது. முகவரி மட்டும் ஒரு எழுத்துகூடக் கலையாமல் பளிச்சென்று நின்றது. விரலால் தடவினேன். வழவழப்பு. மெழுகு தேய்த்திருந்தாள்.

உள்ளே மாமா உயிரோடு இருந்தால் எழுதியிருக்கக்கூடிய அதே மனுத் தமிழ். “ஐயா, வணக்கம். மேற்படி முகவரியில் வசித்து வரும் நான், எனது தம்பி கொடுத்த மருத்துவக் காகிதங்கள் மழையினால் நமத்துவிட்டபடியால் எனது அறியாமையினால் அவற்றுக்கு இஸ்திரி போட்டுக் கெடுத்துவிட்டேன். இதில் எனது தம்பிக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதையும், அவர் பேரில் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்பதையும் ஐயா அவர்கள் சமூகத்துக்கு மிகப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.” கீழே அக்காவின் கையெழுத்து. மங்கை என்பதில் கடைசி எழுத்து கொஞ்சம் ஏறிப்போயிருந்தது.

நானே மொழிபெயர்த்தேன். “மிகப் பணிவுடன்” என்பதற்கு அவர்கள் மொழியில் சரியான வார்த்தை கிடைக்காமல் விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் சரியாக வந்தது. நல்ல மொழிபெயர்ப்பு.

என் மகள் அனு, பதினாறு வயது, தமிழ் படிக்கத் தெரியாது, மேஜையில் கிடந்த உறையை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். “ஏன் கேண்டில் மாதிரி இருக்கு?”

“அத்தை தேச்சிருக்காங்க. மழைல அழியாம இருக்க.”

“ஓ, மெழுகுவத்தி மாமா பண்ற மாதிரி!” என்று மலர்ந்தாள். அவளுக்கு அவர் வேறு யாரும் இல்லை. மூன்று வயதில் ஒருமுறை பார்த்தது. மற்றபடி அப்பா மேடையில் சொல்லும் ஒரு வேடிக்கைக் கதை. “அத்தை என்ன எழுதியிருக்காங்க?”

“ஆபீஸ் விஷயம்மா.”

போன மாதம் அலுவலகம் பதில் அனுப்பியது. பயன்படுத்தியவரின் பிழை. கோப்பு முடிந்தது.

8

போன வியாழக்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறந்துவைத்தோம். அனுவின் வகுப்பும் வந்தது. இங்க்ரிட் புதிய காகிதத்தைக் காட்டி விளக்கினாள். இப்போது அதில் மீண்டும் இரண்டு வட்டங்கள். “இந்த இரண்டாவதுதான் முக்கியம்,” என்றாள். “இது மாறாவிட்டால் காகிதம் செத்துவிட்டது. முதல் வட்டத்தை நம்பக் கூடாது.”

அனு கையைத் தூக்கினாள். “முன்னாடி இது இல்லையா?”

இங்க்ரிட் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பதினாறு வயதுக்கு ஒரு நொடி போதும்.

வீட்டுக்கு டிராமில் வந்தோம். மாமா வீட்டில் வைத்துப் பார்த்தது எங்கள் காகிதத்தைத்தான் என்பது அவளுக்கும் தெரியும். மூன்று நிறுத்தம் போனது. பிறகு அவளுடைய அரைத் தமிழில், நிறுத்தி நிறுத்தி:

“மாமாகிட்ட இருந்த பேப்பர்ல ரெண்டு வட்டம் இருந்துச்சா, ஒண்ணா?”

“ஒண்ணு.”

“யார் எடுத்தாங்க இன்னொண்ண?”

கண்ணாடியில் மழை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, ஒன்றோடு ஒன்று சேர்ந்து, பிரிந்து.

“நான்தான்.”

“அத்தைக்குத் தெரியுமா?”

நான் தலையசைத்தேன், இல்லை என்று. அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இறங்கப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு வரிசை முன்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் நிறுத்தம் வரும்வரை திரும்பவில்லை. பிள்ளைகள் விலகிப்போகிறார்கள் என்று வெளிநாட்டுத் தமிழர்கள் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பாஷை போச்சு, பழக்கம் போச்சு என்கிறோம். என் மகள் என்னைவிட்டு விலகியது எங்கள் பாஷையில் பேசித்தான்.

9

இதுவரை எழுதி வைத்துவிட்டு, ஞாயிறு மதியம் அக்காவைக் கூப்பிட்டேன். ஊரில் சாயங்காலம்.

“என்னாடா, அதிசயமா இருக்கு? சொல்லு, கீர ஆய்ஞ்சிகிட்டே கேக்கறேன்.”

பாலம் எதுவும் குறுக்கே வராததால் வாக்கியம் வந்துவிட்டது. “தப்பு ஒன்னோடது இல்லக்கா. அந்தப் படத்துல கோடு தடிச்சிருந்துச்சு. சூடு பட்டாத்தான் அப்படி ஆவும். நான் மொதல் மாசமே பாத்தேன். பாத்துட்டும் ஒன்னும் சொல்லல. காகிதம் கெட்டுப்போச்சான்னு காட்ட இன்னொரு வட்டம் இருந்துச்சு. அத எடுக்கச் சொன்னதும் நான்தான்.”

கீரை ஆய்வதற்குச் சத்தம் கிடையாது. ஆனால் அது நின்றது எனக்குக் கேட்டது.

“தெரியும்டா.”

“என்னா தெரியும்?”

“வட்டம் கிட்டம்லாம் எனக்குத் தெரியாது. நீ பாத்தது தெரியும். மனு எழுதறப்பவே கலியமூர்த்தி அண்ணன் கேட்டாரு. ‘சூடு படக்கூடாதுன்னு தம்பி சொன்னாரா?’ன்னாரு. இல்லன்னேன். ‘படம் அனுப்புனீங்களே, அவரு பாத்தாரா?’ன்னாரு. போன எடுத்துக் காட்டுனேன். ஒவ்வொரு மாசமும் கட்டவெரல். பாத்துட்டு அந்த மனுசன் பேனாவ மூடி வச்சிட்டாரு. ‘அப்ப இதையும் எழுதணும்மா, இது இல்லாம மனு முழுசாவாது’ன்னாரு. ‘வேணாண்ணே, நான் சொல்றத மட்டும் எழுதுங்க’ன்னேன்.”

“ஏன்க்கா?”

“ஒனக்கு வேல போயிடுமே. பொட்டப்புள்ளய வச்சிகிட்டு எங்க போவ?”

தமிழில் அழுவதற்கு மறந்துபோயிருந்தது, அல்லது அழுகைக்கே அசிங்கமாக இருந்தது.

“என்ன மன்னிச்சிடுக்கா.”

“அதான் எழுதிக் குடுத்துட்டேனே. பத்திரமா வச்சிக்க.”

“வெள்ளிக்கெழம வரேன்க்கா. டிக்கெட் பாத்துட்டேன்.”

“வராத.”

எங்கோ ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் குரல் உயரவில்லை. கடைக்காரனிடம் இன்று தயிர் வேண்டாம் என்று சொல்வது போலத்தான் இருந்தது.

“வந்தா ஒனக்கும் எலை போடணும். அவரு படத்துக்கு முன்னால ஒன்ன ஒக்காரவச்சி, ‘இன்னும் கொஞ்சம் சோறு வச்சிக்கடா’ன்னு சொல்லணும். என்னால ஆவாது. நீ அங்கயே இரு. அனு வரேன்னா அனுப்பு. அவ வரட்டும்.”

“அக்கா…”

“கீர வாடிடும். வைக்கறேன்.”

10

கடலூரில் இதைப் படிக்கிறவர்கள் யாரும் அக்காவிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம். கலியமூர்த்தி அண்ணன் எப்படியும் படிப்பார். மனு முழுசாக இல்லை என்று அவர் சொன்னாராம். மீதி இதுதான்.

அனு போகிறாள். பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வைத்துவிட்டாள். அத்தையிடம் தமிழில் என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்கவில்லை.

இன்று காலை எல்லோருக்கும் முன்னால் கூடத்துக்குப் போனேன். புதிய காகிதம் ஒன்றை உறையிலிருந்து எடுத்து, என் விரலில் குத்தி, வாசலில் ஒரு துளி வைத்தேன். சிவப்பு வாசலில் நின்றது. தெளிந்த நீர் இரண்டு ஓடைகளிலும் நடந்து போனது. நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இரண்டாவது வட்டம் மெல்ல ஊதாவானது, கத்தரிப்பூ நிறம். காகிதம் உயிரோடு இருக்கிறது. சொல்வதை நம்பலாம். முதல் வட்டத்துக்காக இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். குறித்த நேரம் தாண்டியும் காத்திருந்தேன். ஏதாவது மாறாதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே.

வெள்ளை. தும்பைப்பூ வெள்ளை.

நான் நலமாக இருக்கிறேன்.